வெப் தொலைநோக்கியை மாணவர்களிடம் கொண்டுபோக எது சரியான வழி? ஐந்து வழிகள், ஓர் ஒப்பீடு

"அறிவியல் மன்றத்துக்கு ஒரு நாள் கிடைத்திருக்கிறது, கையில் கொஞ்சம் பணமும் இருக்கிறது. ஜேம்ஸ் வெப் விண்வெளித் தொலைநோக்கியைப் பற்றி ஏதாவது செய்யலாம் என்றிருக்கிறோம். என்ன செய்வது?" ஆசிரியர்களும் நூலகங்களில் அறிவியல் கூட்டம் நடத்துபவர்களும் திரும்பத் திரும்பக் கேட்கும் கேள்வி இது. கேட்கும்போதே பாதி முடிவும் எடுத்திருப்பார்கள்: நல்ல படங்களாகப் பத்துப் பன்னிரண்டு பொறுக்கி, பிளெக்ஸ் அடித்து, வராந்தாவில் மாட்டிவிடுவது. அதில் தவறில்லை. ஆனால் அதே செலவில், சில நேரம் செலவே இல்லாமல், வேறு நான்கு வழிகள் இருக்கின்றன.

## எதை வைத்து எடை போடுவது

முதலில் ஆட்களும் நேரமும். ஒரே நாளில் 500 பேர் வந்து ஆளுக்குப் பத்து நிமிடம் நின்றுவிட்டுப் போவது ஒரு வகை. 15 பேர் ஐந்து சனிக்கிழமை தொடர்ந்து வருவது வேறு வகை. ஒன்றுக்குப் பொருந்துவது மற்றதற்குப் பொருந்தாது.

அடுத்தது மின்சாரம், இணையம், கணினி. எது தடைபட்டால் நிகழ்ச்சியே நின்றுபோகும் என்பதை முன்கூட்டியே எழுதி வைத்துக்கொள்ளுங்கள்.

மூன்றாவது, ரசீதில் வராத செலவு. யார் விளக்குவார், தமிழில் குறிப்பு யார் எழுதுவார், எத்தனை மணி நேரம் முன்தயாரிப்பு.

நான்காவதுதான் பலர் யோசிக்காதது. வெப் படத்துக்கு முன்னால் நிற்கும் யாராவது ஒருவர் கேட்டே தீருவார்: "இந்தக் கலரெல்லாம் நிஜமா?" வெப் பார்ப்பது பெரும்பாலும் அகச்சிவப்பு ஒளியை: அலைநீளத்தில் ஏறத்தாழ 0.6 மைக்ரானிலிருந்து 28 மைக்ரான் வரை (ஒரு மைக்ரான் என்றால் மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு). நம் கண் 0.7 மைக்ரானை ஒட்டி முடிந்துவிடுகிறது. ஆகவே அந்தத் தொலைநோக்கி பதிவு செய்வதில் பெரும்பகுதியை எந்த மனிதக் கண்ணும் பார்க்க முடியாது. ஒளியின் அளவு உண்மை, நிறம் மொழிபெயர்ப்பு. இருப்பதிலேயே குறுகிய அலைநீளத்துக்கு நீலம், நீண்டதற்குச் சிவப்பு என்று வரிசை குலையாமல் நிறம் ஏற்றுகிறார்கள். இது புரியாமல் வீடு திரும்புபவர்களில் சிலர் "நேரில் போனால் இப்படித்தான் தெரியும்" என்று நம்புவார்கள், சிலர் "எல்லாம் கம்ப்யூட்டரில் வரைந்தது" என்பார்கள். இரண்டும் தவறு, இரண்டாவது கூடுதல் ஆபத்து. நீங்கள் தேர்ந்தெடுக்கும் வழி இந்தக் கேள்விக்கு மாணவரே விடை கண்டுபிடிக்க உதவுகிறதா என்று பாருங்கள். கீழே ஒவ்வொரு வழியையும் இந்த உரைகல்லில் கொஞ்சம் அழுத்தியே உரசியிருக்கிறோம்.

## 1. படக் கண்காட்சி

கூட்டம் பெரிது, நேரம் குறைவு என்றால் இதை விட்டால் வழியில்லை. படங்களுக்குக் கட்டணமும் கிடையாது. நாசா, ஈசா (ஐரோப்பிய விண்வெளி முகமை), சிஎஸ்ஏ (கனடா விண்வெளி முகமை), எஸ்டிஎஸ்சிஐ (வெப்பை இயக்கும் அறிவியல் நிறுவனம்) என்று உரியவர்களின் பெயரைப் படத்தின் கீழ் போட்டால் போதும். நாசாவின் முத்திரையை மட்டும் உங்கள் அழைப்பிதழில் போடாதீர்கள், அதற்குத் தனி விதிகள் உண்டு.

கெடுவது பெரும்பாலும் அச்சில். 2022 ஜூலை 12 அன்று வெளியான கரைனா நெபுலா (நெபுலா என்றால் விண்வெளியில் உள்ள வாயு, தூசு முகில்) படத்தின் முழு அளவுக் கோப்பு 14,575 பிக்சல் அகலம். அதை 6 அடியில் அடித்தால் அங்குலத்துக்கு 200 பிக்சல் வரும், தாராளம். வாட்ஸ்அப்பில் சுற்றி வந்த 1,600 பிக்சல் படத்தை அதே 6 அடிக்கு இழுத்தால் அங்குலத்துக்கு 22தான், நட்சத்திரங்கள் கட்டம் கட்டமாகத் தெரியும். அடுத்த சிக்கல் இருட்டு. திரையில் ஒளிரும் படம் மையில் ஒரு படி மங்கும், அடர் பழுப்புப் பகுதிகள் சேறாகிவிடும். அச்சகத்தில் அதே பொருளில் ஏ4 அளவு மாதிரி ஒன்று எடுத்துப் பார்த்து, நடுத்தர வெளிச்சத்தை ஏற்றிய பிறகே முழு அளவுக்குப் போங்கள். பளபளப்புத் தாளில் டியூப்லைட் மட்டும்தான் தெரியும், மேட் கேளுங்கள்.

பன்னிரண்டு படம் வேண்டாம், ஆறு போதும். அதிலும் ஒரே பொருளின் இரண்டு படங்களை அடுத்தடுத்து வைப்பதுதான் பேச்சைத் தொடங்கிவைக்கும். கழுகு நெபுலாவின் தூண்கள் நல்ல உதாரணம்: வெப்புக்கு முந்தைய விண்வெளித் தொலைநோக்கியான ஹபிள் 1995இல் எடுத்தது, வெப் 2022இல் எடுத்தது. ஹபிள் படத்தில் கந்தகம் சிவப்பு, ஹைட்ரஜன் பச்சை, ஆக்சிஜன் நீலம். ஹைட்ரஜனின் அந்த ஒளி நம் கண்ணுக்குப் பச்சை இல்லை, சிவப்புதான். கந்தகமும் அப்படியே. இரண்டையும் பிரித்துக் காட்டத்தான் ஒன்றைப் பச்சையாக்கினார்கள். அந்தப் பழைய படத்தின் ஒரு மூலை படிக்கட்டு மாதிரி வெட்டுப்பட்டிருப்பதையும் பிள்ளைகள் கேட்பார்கள். கேமராவின் நான்கு உணரிகளில் ஒன்று நெருக்கமாகப் பார்க்கும்படி அமைந்தது, அது எடுத்ததைச் சுருக்கிப் பொருத்தியதால் வந்த படிக்கட்டு அது.

மறைந்திருக்கும் செலவு விளக்குநர். இரண்டு படத்துக்கு ஒருவர், ஒவ்வொருவருக்கும் ஒரு மணி நேரத்துக்குப் பிறகு மாற்று ஆள். அவர்கள் இல்லாவிட்டால் கண்காட்சி கல்யாண மண்டபத்துச் செல்ஃபி பின்னணிதான். நிறக் கேள்விக்கும் படம் மட்டும் விடை சொல்லாது. குறைந்தபட்சம் எந்த ஃபில்ட்டருக்கு (குறிப்பிட்ட அலைநீளங்களை மட்டும் உள்ளே விடும் வடிகட்டி) எந்த நிறம் என்ற குறிப்பாவது கீழே இருக்கட்டும்.

## 2. தரையில் கண்ணாடி, கையில் ரிமோட்

செலவு மிகக் குறைவு, பலன் அதிகம் என்ற கணக்கில் இதுதான் முதலிடம். கணினி, இணையம் எதுவும் வேண்டாம்.

வெப்பின் முதன்மைக் கண்ணாடியை முழு அளவில் மைதானத்தில் வரையுங்கள். 18 அறுகோணங்கள், ஒவ்வொன்றும் எதிரெதிர்ப் பக்கங்களுக்கு இடையே 1.32 மீட்டர். அப்படியானால் ஒரு பக்கம் 76 செ.மீ., முனைக்கு முனை 1.52 மீட்டர். குளிர்சாதனப் பெட்டி வந்த அட்டையில் ஒரே ஓர் அச்சு வெட்டிக்கொண்டு, அதைச் சுற்றிச் சாக்பீஸிலோ கோலமாவிலோ கோடு இழுத்தால் போதும். 3, 4, 5, 4, 3 என்று வரிசை, நட்டநடு அறுகோணம் காலி. ஓரத்தில் தொடங்கி அடுக்கிக்கொண்டு போனால் சிறு பிழைகள் சேர்ந்து கடைசி வரிசை பொருந்தாது. காலியாக விடவேண்டிய நடு அறுகோணத்தை முதலில் வரைந்து, அதைச் சுற்றி 6, பிறகு வெளிவட்டத்தில் 12 என்று போங்கள். ஒரு மணி நேரம் ஒதுக்குங்கள். பக்கத்திலேயே 2.4 மீட்டர் வட்டம் ஹபிளுக்கு, 37.5 செ.மீ. வட்டம் 2015இல் ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து போன இந்திய விண்வெளி ஆய்வகமான ஆஸ்ட்ரோசாட்டின் புற ஊதாத் தொலைநோக்கிக்கு. கடைசி வட்டம் ஒரு தாம்பாளம் அளவுதான். வெப்பின் வெயில் திரைக்கு 21 மீட்டர் நீளமும் 14 மீட்டர் அகலமும் வேண்டும், கயிறு கட்டி எல்லை காட்டுங்கள்.

அடுத்து 18 பேருக்கு முகம் பார்க்கும் சிறு கண்ணாடி ஆளுக்கொன்று. வெயிலில் நின்று, 5 மீட்டர் தள்ளி நிழலில் இருக்கும் சுவரில் எல்லாரும் ஒரே புள்ளியில் ஒளியை விழவைக்க வேண்டும். முதலில் 18 வெளிச்சம் சுவர் முழுக்க அலையும், எது யாருடையது என்றே தெரியாது. ஒவ்வொருவராகக் கண்ணாடியை அசைத்து அடையாளம் கண்ட பிறகுதான் சேர்க்க முடியும். 2022 பிப்ரவரியில் வெப்புக்கு நடந்ததும் இதேதான்: எச்டி 84406 என்ற ஒரே நட்சத்திரம் 18 புள்ளிகளாகத் தெரிந்தது, ஒவ்வொரு துண்டையும் அசைத்து எது எதனுடையது என்று கண்டுபிடித்தார்கள். ஒவ்வொரு கண்ணாடித் துண்டுக்கும் அதை அசைக்கும் ஆறு நகர்த்திகள், வளைவைத் திருத்த ஏழாவது ஒன்று. சுவரருகே யாரும் நிற்கக்கூடாது, முகத்தில் அடிக்கக்கூடாது. இந்த இரண்டு விதியையும் கண்ணாடி கொடுப்பதற்கு முன்பே சொல்லிவிடுங்கள், கொடுத்த பிறகு யாரும் கேட்கமாட்டார்கள்.

தூரம் புரியவைக்க 10 செ.மீ. பந்து ஒன்று பூமி. அந்த அளவில் ஹபிள் பந்திலிருந்து 4 மி.மீ. உயரத்தில், சந்திரன் 3 மீட்டரில், வெப் ஏறத்தாழ 12 மீட்டரில். வெப்பும் ஹபிள் மாதிரி பூமியைச் சுற்றுகிறது என்று நினைப்பவர்கள் மிக அதிகம். பந்தைப் பார்த்ததும் அந்த எண்ணம் போய்விடும். பழுதானால் ஹபிளுக்கு அனுப்பியதுபோல் ஆள் அனுப்ப முடியாது என்பதும் புரியும்.

இனி ரிமோட். டிவி ரிமோட்டின் முனையில் இருக்கும் எல்இடி ஏறத்தாழ 0.94 மைக்ரானில் ஒளிர்கிறது. கண்ணுக்குத் தெரியாது, கைபேசிக் கேமராவில் தெரியும். பின்பக்கக் கேமராவில் அகச்சிவப்பைத் தடுக்கும் ஃபில்ட்டர் வலுவாக இருக்கும், எனவே முன்பக்கக் கேமராவில் பாருங்கள். புதிய, விலை கூடிய கைபேசிகளில் இரண்டிலும் தெரியாமல் போகலாம். பழைய மலிவு கைபேசி ஒன்றைக் கையில் வைத்திருங்கள். நடுவே ஒரு டம்ளர் கோலாவை வைத்தால் கண்ணுக்குக் கறுப்பு, கேமராவில் ரிமோட்டின் ஒளி ஊடுருவி வரும். நுரை அடங்கியபின் வையுங்கள், குமிழ்கள் ஒளியைச் சிதறடிக்கும். நெபுலாவின் தூசுக்குள் வெப் பார்ப்பதற்கு இது ஓர் உவமைதான். அங்கே குறுக்கே நிற்பது தூசுத் துகள், இங்கே சாயம்.

இந்த வழியின் உண்மையான பலம் அதற்கு அடுத்த நொடியில் இருக்கிறது. கேமராவில் அந்த ஒளி வெளிறிய ஊதாவாகத் தெரியும். "அது ஊதா நிறமா?" என்று கேளுங்கள். அகச்சிவப்புக்கு ஏது ஊதா? உணரிக்கு வந்த ஒளியைத் திரை தனக்குத் தெரிந்த நிறத்தில் காட்டுகிறது, அவ்வளவுதான். வெப்பின் எஃப்090டபிள்யூ என்ற ஃபில்ட்டர் ஏறக்குறைய இதே அலைநீளத்தைப் பார்க்கிறது. பெயரிலேயே கணக்கு இருக்கிறது: 090 என்றால் 0.90 மைக்ரான். கரைனா படத்தில் அதற்கு நீலம் கொடுத்தார்கள். நிறக் கேள்விக்கு இதைவிடச் சுருக்கமான பதில் கிடையாது.

குறை என்ன? வெயிலும் மழையும். காலை 9 மணிக்குள் தரை வேலை முடிய வேண்டும். மேகம் வந்தால் கண்ணாடி விளையாட்டு இல்லை. 40 பேருக்கு மேல் போனால் கட்டுப்படுத்துவது கஷ்டம். ரிமோட் காட்டுவது அண்மை அகச்சிவப்பு மட்டும். நம் உடல் விடும் 10 மைக்ரான் அகச்சிவப்பைக் காட்ட வெப்பப் படக் கருவி வேண்டும், அது விலை கூடுதல்.

## 3. இணையத் தன்னார்வப் பணி

பொதுமக்கள் அறிவியல் பணியில் உதவும் ஜூனிவர்ஸ் இணையதளத்தில் உண்மையான தொலைநோக்கித் தரவை வகைப்படுத்தும் திட்டங்கள் உள்ளன. விண்மீன் திரள்களை வடிவத்தால் பிரிக்கும் கேலக்ஸி ஜூ 2007இல் தரையிலிருந்து எடுத்த படங்களோடு தொடங்கியது, பிறகு ஹபிள் படங்கள், 2024இல் ஐரோப்பிய விண்வெளித் தொலைநோக்கியான யூக்ளிட்டின் படங்கள் என்று வளர்ந்தது. பிளானட் ஹன்டர்ஸ் டெஸ் திட்டத்தில் (டெஸ் என்பது கோள் தேடும் நாசாவின் விண்கலம்) நட்சத்திரத்தின் ஒளி வரைபடத்தில் பள்ளம் தேட வேண்டும்; கோள் குறுக்கே போகும்போது ஒளி சற்றுக் குறைவதுதான் அந்தப் பள்ளம். பயனர் கணக்கு இல்லாமலே செய்யலாம்.

பத்து நிமிடத்தில் தொடங்கிவிடலாம் என்பது கவர்ச்சி, இருபது நிமிடத்தில் சலிக்கும் என்பது உண்மை. யாரும் உடனே "சரி" என்று சொல்லமாட்டார்கள். ஒரே படத்தைப் பலரிடம் காட்டி வாக்குகளைச் சேர்த்துத்தான் முடிவுக்கு வருகிறார்கள், அதற்கு மாதங்கள் ஆகும். பிளானட் ஹன்டர்ஸில் இடையிடையே செயற்கையாகச் செருகிய கோள்களும் வரும், குறித்த பிறகு தளமே சொல்லிவிடும். சலிப்பைக் குறைக்கிற விஷயம் அது.

தனித்தனியாக உட்காரவைக்காதீர்கள். இருவருக்கு ஒரு திரை, ஒரே பத்துப் படங்கள், ஒவ்வொரு ஜோடியும் விடையைத் தாளில் எழுதட்டும். பிறகு கரும்பலகையில் ஒப்பிட்டால் ஒரே விண்மீன் திரளைச் சிலர் சுருள் என்றும் சிலர் உருண்டை என்றும் சொல்லியிருப்பார்கள். ஏன் இத்தனை பேரிடம் கேட்கிறார்கள் என்பது அப்போது விளங்கும்.

மறைந்த செலவு மொழி. வழிகாட்டிப் பக்கங்கள் பெரும்பாலும் ஆங்கிலத்தில். ஒரு பக்கத் தமிழ்க் குறிப்பு எழுத ஒரு மாலை போகும். ஒளி வரைபடத்துக்கு வியாழன் அளவு கோள் சூரியன் அளவு நட்சத்திரத்தை 1 சதவீதம் மங்கவைக்கும், பூமி அளவு கோள் 0.01 சதவீதத்துக்கும் குறைவு என்று தொடங்குங்கள். தட்டையான அடிப்பள்ளம் கோளாக இருக்கலாம், ஆழமான 'வி' பள்ளம் பெரும்பாலும் இரட்டை நட்சத்திரம்.

தொடர்ந்து செய்பவருக்கு எதிர்பாராததும் கிடைக்கும். ஹன்னி வான் ஆர்கெல் என்ற டச்சுப் பள்ளி ஆசிரியை 2007இல் கேலக்ஸி ஜூவில் பார்த்த விசித்திர முகில் இன்று அவர் பெயரால் அறியப்படுகிறது, ஹபிளும் அதைப் படமெடுத்தது. அதை விளம்பரமாகச் சொல்லிப் பிள்ளைகளை உட்காரவைக்க வேண்டாம். அப்படி அமைவது அபூர்வம்.

நிறக் கேள்விக்கு இதில் பதில் இல்லை.

## 4. உண்மைத் தரவிலிருந்து படம் செய்வது

நிறக் கேள்விக்கு முழுப் பதில் இங்கேதான், உழைப்பும் இங்கேதான். வெப்பின் தரவு மாஸ்ட் என்ற இணையக் காப்பகத்தில் இருக்கிறது. ஆய்வாளர்கள் கேட்டு எடுக்கும் பதிவுகளில் பல ஓராண்டு வரை அவர்களுக்கே உரியவை. 2022இன் முதல் படங்களுக்கான தரவு எல்லாருக்கும் திறந்தது, கணக்கும் தேவையில்லை.

புதியவர்கள் செய்யும் முதல் தவறு கரைனாவில் தொடங்குவது. வெப்பின் அண்மை அகச்சிவப்புக் கேமராவான நிர்கேமின் கோப்பு ஒன்று பல நூறு எம்பியிலிருந்து ஜிபி கணக்கில் போகும், 4 ஜிபி நினைவகம் உள்ள ஆய்வகக் கணினி அதோடு உறைந்துவிடும். இரண்டாவது சிக்கல் உள்ளே: நிர்கேமின் குறுகிய அலைத் தடத்தில் ஒரு பிக்சல் 0.031 விகலை (விகலை என்றால் ஒரு பாகையில் 3,600இல் ஒரு பங்கு), நீண்ட அலைத் தடத்தில் 0.063. எஃப்090டபிள்யூ படத்தையும் எஃப்356டபிள்யூ படத்தையும் ஒன்றன்மேல் ஒன்று வைத்தால் ஒன்று மற்றதைப்போல் இரு மடங்கு பெரிதாக இருக்கும். என்ன தவறு செய்தோம் என்றே தெரியாமல் ஒரு வகுப்பு முழுக்கப் போய்விடும்.

எனவே தென்வளைய நெபுலாவின் மிரி (நீண்ட அகச்சிவப்பைப் பார்க்கும் வெப்பின் இன்னொரு கருவி) படத்தில் தொடங்குங்கள். திட்ட எண் 2733. மிரியின் எல்லா ஃபில்ட்டருக்கும் பிக்சல் ஒரே அளவு, 0.11 விகலை. கோப்பும் சிறியது. வரிசை இப்படி:

1. மாஸ்ட்டில் 2733 என்று தேடி, கருவி மிரி என்று சுருக்கி, மூன்றாம் நிலைத் தரவில் "ஐ2டி" என்று முடியும் கோப்புகளை எடுங்கள். எஃப்770டபிள்யூ, எஃப்1130டபிள்யூ, எஃப்1800டபிள்யூ மூன்றும் போதும்.
2. வானியல் தரவுக் கோப்புகளைத் திறக்கும் ஃபிட்ஸ் லிபரேட்டர் மென்பொருளில் திறவுங்கள். ஒரே கோப்புக்குள் படம், பிழை அளவு, எடை என்று பல அடுக்குகள் இருக்கும். "எஸ்சிஐ" அடுக்கைத் தேர்ந்தெடுக்காவிட்டால் பிழை வரைபடத்துக்கு நிறம் பூசிக்கொண்டிருப்பீர்கள்.
3. திறந்தவுடன் கறுப்பாகத்தான் தெரியும். பிரகாசமான சில புள்ளிகள் மற்ற எல்லாவற்றையும் அமுக்கிவிடுகின்றன. மங்கலானதைத் தூக்கி, பிரகாசமானதை அடக்கும் ஆர்க்சைன்எச் நீட்டலைத் தேர்ந்து, கறுப்பு எல்லையை வானப் பின்னணிக்குச் சற்றுக் கீழே வையுங்கள். அதை ஏற்றி வைத்தால் மங்கலான வெளி ஓடு வெட்டுப்பட்டுவிடும்.
4. 16 பிட் டிஃப் கோப்பாகச் சேமியுங்கள். 8 பிட்டில் சேமித்தால் மங்கலான பகுதி பட்டை பட்டையாக உடையும்.
5. கிம்ப் என்ற படத்திருத்த மென்பொருளில் மூன்றையும் அடுக்குகளாகத் திறந்து, 7.7 மைக்ரானுக்கு நீலம், 11.3க்குப் பச்சை, 18க்குச் சிவப்பு ஏற்றி, அடுக்கு முறையை ஸ்கிரீன் ஆக்குங்கள். சில பிக்சல் விலகல் இருந்தால் கையால் நகர்த்துங்கள். 18 மைக்ரானில் நட்சத்திரங்கள் மங்கிவிடுவதால் தானாகப் பொருத்தும் கருவிகள் தடுமாறும்.

படத்தின் நடுவில் இரண்டு நட்சத்திரங்கள் தெரியும். நெபுலாவை உமிழ்ந்தது அவற்றில் மங்கலான, சாகும் நட்சத்திரம். அதைச் சுற்றித் தூசு இருப்பதை வெப்பின் இந்தப் படம்தான் முதன்முறை காட்டியது. உங்கள் மாணவர் செய்த படத்திலும் அது சிவந்து தெரியும்.

அதன்பின் வேண்டுமென்றே நிறங்களை மாற்றிப் போடச் சொல்லுங்கள். ஒரே தரவு, பத்து மாணவர்கள், பத்துப் படம். எது பொய்? எதுவும் பொய்யில்லை. அலைநீள வரிசையைக் குலைத்த படம்தான் வாசிக்கக் கடினம். பிரகாசமான நட்சத்திரத்தின் மையத்தில் கறுப்புப் புள்ளி வந்தால் அது கருந்துளை இல்லை, உணரி நிறைவடைந்து மதிப்பு இல்லாமல் போன இடம். இந்தச் சந்தேகம் கட்டாயம் வரும்.

மறைந்த செலவு: வழிநடத்துபவர் முன்கூட்டியே ஒருமுறை முழுக்கச் செய்து பார்க்க ஒரு நாள். கோப்புகளை இறக்கி, நடுப்பகுதியை வெட்டி, பென்டிரைவில் ஏற்றி வைத்துக்கொள்ளுங்கள். வகுப்பு நேரத்தில் 15 பேர் சேர்ந்து இறக்கும் நிலை வேண்டாம். ஒன்றரை மணி நேர அமர்வுகள் குறைந்தது மூன்று வேண்டும். எட்டாம் வகுப்புக்குக் கீழே இது சரிப்படாது.

## 5. வானம் பார்க்கும் இரவு

வெப் எடுத்த ஒரு பொருளைச் சிறு தொலைநோக்கியில் காட்டி, பிறகு வெப் படத்தைக் காட்டுவது. ஜனவரி முதல் மார்ச் வரை முன்னிரவில் ஓரியன் நெபுலா எளிது. ஏப்ரலில் தென் அடிவானம் திறந்திருக்கும் இடத்தில் கரைனா நெபுலா பைனாகுலரிலேயே தெரியும். சென்னையில் அது 17 பாகை, யாழ்ப்பாணத்தில் 20 பாகை உயரம் வரை எழும். லண்டனில் இருப்பவர் அதை அங்கிருந்து பார்க்கவே முடியாது.

கண்ணுக்குத் தெரிவது சாம்பல் நிறப் புகை, அதைக் கண்டு பலர் ஏமாறுவார்கள். ஏமாறட்டும், நிறக் கேள்வி அங்கேதான் சூடு பிடிக்கும். ஆனால் ஒரு தொலைநோக்கிக்கு ஆளுக்கு ஒரு நிமிடம் என்றால் 60 பேருக்கு ஒரு மணி நேரம் வரிசை. மேகம் வந்தால் எல்லாம் போச்சு. இதை மட்டுமே நம்பி நாள் குறிக்காதீர்கள்.

## ஒரே பார்வையில்

| வழி | ஆட்கள் | நேரம் | எது இல்லாவிட்டால் நிற்கும் | மறைந்த செலவு | நிறக் கேள்வி |
|---|---|---|---|---|---|
| கண்காட்சி | நூற்றுக்கணக்கில் | 10 நிமிடம் | விளக்குநர் | அச்சு மாதிரி, மாற்று ஆள் | குறிப்பு இருந்தால் ஓரளவு |
| தரை, ரிமோட் | 40 வரை | அரை நாள் | வெயில், மைதானம் | முந்தின நாள் அட்டை அச்சு | சுருக்கமான விடை |
| தன்னார்வப் பணி | 30 வரை | ஒரு மணி | இணையம் | தமிழ்க் குறிப்பு | இல்லை |
| தரவுப் படம் | 15 வரை | 3 அமர்வு | கணினி | வழிநடத்துபவரின் ஒரு நாள் | முழு விடை |
| வானிரவு | 60 வரை | 2 மணி | தெளிந்த வானம் | கூட்டத்தைப் பிடித்துவைப்பது | கேள்வியை எழுப்பும் |

## யாருக்கு எது

பெற்றோரும் வரும் பள்ளி ஆண்டு விழா என்றால் கண்காட்சி. ஆனால் ஆறு படம், பக்கத்தில் ஒரு மேசையில் ரிமோட்டும் பழைய கைபேசியும். நிறம் பற்றிக் கேட்பவரை விளக்குநர் அந்த மேசைக்கு அனுப்பிவிடலாம்.

ஆறாம், ஏழாம் வகுப்புக்கு ஒரு சனிக்கிழமை இருந்தால் யோசிக்கவே வேண்டாம், மைதானம்தான். மழைக்காலமென்றால் அறுகோணங்களைப் பத்தில் ஒரு பங்காகச் சுருக்கி (பக்கம் 7.6 செ.மீ.) தங்கநிறத் தாளில் வெட்டி வகுப்புச் சுவரில் ஒட்டலாம், ரிமோட் சோதனைக்குக் கூரை ஒரு தடையில்லை.

இணையம் நன்றாக இருந்து, ஆசிரியருக்கு முன்தயாரிப்புக்கு நேரமே இல்லாத நிலையில் தன்னார்வப் பணி. அதை மாதம் ஒருமுறை செய்தால் பலன் உண்டு, ஒருமுறை மட்டும் என்றால் அது கணினி வகுப்பு.

கல்லூரி இயற்பியல் மாணவர்கள், அல்லது பத்தாம் வகுப்புக்கு மேல் ஆர்வமுள்ள பத்துப் பேர் என்றால் தரவுப் படத்துக்குப் போங்கள். அவர்கள் செய்த படங்களையே அச்சடித்து அடுத்த ஆண்டு கண்காட்சியில் மாட்டுங்கள். எந்த ஃபில்ட்டருக்கு எந்த நிறம் கொடுத்தோம் என்று படத்தின் கீழ் அவர்களே எழுதட்டும், விளக்குநராக நிற்கவும் அவர்களே இருப்பார்கள்.